இரு ஆட்டங்களில் நாட்டுக்காக நின்ற கோட்டா ராமசாமி

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்றுமொழி வழங்கும் நாட்டில் குடியேறியோர், அந்நாட்டின் பெருமையைத் தம் பெருமையாகக் கொண்டு உழைப்பது பண்டுதொட்டுக் காணும் வழக்கம். நாராயணவனத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு, தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டு சென்னையில் தழைத்த ஒரு குடும்பத்தின் வரலாறு இன்பந் தருவதாகும்.

சென்னையில் இந்தியரிடையே கிரிக்கெட்டை வேரூன்றச் செய்தவர் புச்சிபாபு நாயுடு. சேப்பாக்கம் மைதானம் ஐரோப்பியர் சங்கத்தின் கையில் இருந்த அக்காலத்தில், 1888-இல் மதராஸ் யுனைடெட் கிளப் என்னும் சங்கத்தை நிறுவி, இந்திய இளைஞர்க்கு ஆடுகளம் அமைத்தார். இந்தியரும் ஐரோப்பியரும் எதிர்நின்று ஆடும் பந்தயத்துக்கு வழி செய்தவரும் அவரே. ஆயினும் அது நடைபெறுமுன், 1908-இல் காலமானார்.

அவர் மைந்தர் ராமசாமி 1896-இல் பிறந்தவர். தந்தையை இழந்தபோது அவருக்கு வயது 12. கோட்டா குடும்பத்துக்குச் சுவீகாரம் சென்றமையால் அப்பெயர் பெற்றார். தந்தை வளர்த்த ஆட்டம் மைந்தரைக் கைவிடவில்லை. இடக்கை ஆட்டக்காரராகப் பெயர் பெற்றதோடு, டென்னிஸிலும் வல்லவரானார். கேம்பிரிட்ஜில் கல்வி பயின்ற காலத்தில், 1922-இல் டேவிஸ் கோப்பைப் பந்தயத்தில் இந்தியாவின் சார்பில் ஆடினார். ருமேனியாவை இந்தியா வென்றது அவ்வாண்டில்தான்.

நாடு திரும்பியபின் சென்னை மாகாண விவசாய இலாகாவில் உத்தியோகம் ஏற்றார். அலுவலையும் ஆட்டத்தையும் ஒருங்கே பேணினார். ஆனால் அவருடைய இளமைக் காலத்தில் இந்தியாவுக்கு டெஸ்டு ஆட்டமே இல்லை. முதல் டெஸ்டு நடைபெற்ற 1932-இல் அவர் 36 வயதை எட்டிவிட்டார். காலம் கடந்துவிட்டது என்றே எவரும் எண்ணுவர்.

அவரோ ஆட்டத்தை விடவில்லை. 1936-இல் இங்கிலாந்து சென்ற அணியில் இடம் பெற்று, 40 வயது நிறைந்தபின் மான்செஸ்டரில் முதன்முதலாக டெஸ்டு ஆடினார். அங்கு 40, 60 ஓட்டங்கள். அடுத்து ஓவல் மைதானத்தில் 29 ஓட்டங்களும், ஆட்டமிழக்காமல் 41 ஓட்டங்களும் எடுத்தார். ஆக இரண்டே டெஸ்டுகள், 170 ஓட்டங்கள், மூன்று முறையே ஆட்டமிழந்தார். சராசரி 56-க்கு மேல். டென்னிஸ், கிரிக்கெட் ஆகிய இரண்டிலும் நாட்டின் சார்பில் ஆடிய அரும்பேறு இவ்வாறு அவருக்கு வாய்த்தது. பின்னர் 1953-இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஆடிய இந்திய அணிக்கு நிர்வாகியாகவும் விளங்கினார்.

முடிவோ மனத்தை உருக்குவது. 1985 அக்டோபரில், 89-ஆம் வயதில், சென்னையிலுள்ள இல்லத்தை விட்டுப் புறப்பட்டவர் மீண்டும் வரவேயில்லை. உற்றார் தேடியும் காணக் கிடைக்கவில்லை. அவருக்கென ஒரு நினைவு நாளைக் குறிக்கவும் இயலாது போயிற்று.

எனினும் அவர் வாழ்க்கை நம் இளைஞர்க்கு ஒன்றை உணர்த்துகின்றது. வாய்ப்பு வரும் நாள் நம் கையில் இல்லை; வரும் நாளில் தகுதியோடு இருப்பதே நம் கையில் உள்ளது. மொழி வேறாயினும், வாழும் ஊருக்குப் புகழ் சேர்ப்பவனை அவ்வூர் தன் மகனென்றே கொள்ளும். நம் மக்களும் அவ்வாறே இவ்வூரின் மக்களாக ஓங்கி வளர்க!