பிரம்பைத் தூக்கிப் போட்ட ‘டான்’! பசங்களுக்காகவே வாழ்ந்த ஒரு ஃபாதரின் கதை

டான் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? கூலிங் கிளாஸ், கோட் சூட், பின்னால் நாலு அடியாட்கள். ஆனால் இத்தாலியில் பாதிரியாரை மரியாதையாகக் கூப்பிடும் வார்த்தைதான் டான். நம்ம ஊரில் ஃபாதர் என்கிறோமே, அது மாதிரி. பள்ளிக்கூட போர்டுகளில் பார்த்துப் பழகிய டான் பாஸ்கோ என்ற பெயருக்கு அர்த்தம், பாஸ்கோ ஃபாதர். அவ்ளோதான்!

அந்த ஃபாதர் வாழ்க்கை முழுக்க ஒரே விஷயத்தைப் பிடிவாதமாகச் செய்துபார்த்தார். பசங்களுக்கு ஒழுக்கத்தையும் பக்தியையும் அடித்துச் சொல்லிக்கொடுக்க முடியாது, கூடவே இருந்துதான் சொல்லிக்கொடுக்க முடியும் என்பது அவர் கட்சி. சொல்வது ஈஸி. ஆனால், கடைசிக் காலத்தில் தன் சொந்தப் பள்ளியிலேயே அது கைநழுவிப் போவதையும் அவர் பார்க்க வேண்டியிருந்தது.

கயிற்றில் நடந்த சிறுவன்

1815 ஆகஸ்ட் 16. இன்றைய வட இத்தாலியின் பீட்மான்ட் பகுதியில், பெக்கி என்ற குக்கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் ஜொவான்னி பாஸ்கோ. இரண்டு வயது முடிவதற்குள் அப்பா நிமோனியாவில் இறந்துபோனார். அம்மா மார்கரீட்டாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஜெபங்களும் ஞானோபதேசமும் மனப்பாடம். நிலத்தில் உழைத்துக்கொண்டே பிள்ளைகளுக்கு அவற்றைச் சொல்லிக்கொடுத்தார். ஜொவான்னியின் முதல் பள்ளிக்கூடம் அதுதான்.

ஒன்பது வயதில் ஒரு கனவு. நிறைய பசங்க விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். சிலர் கெட்ட வார்த்தை பேசுகிறார்கள். இவனுக்குக் கோபம் வந்து, நடுவில் பாய்ந்து கையால் குத்த ஆரம்பித்துவிடுகிறான். அப்போது பிரகாசமான முகத்தோடு வந்த ஒருவர், அடியால் அல்ல, அன்பாலும் பொறுமையாலும்தான் இவர்களை நண்பர்களாக்க முடியும் என்று சொல்கிறார். இந்தக் கனவைப் பிற்காலத்தில் தன் நினைவுக்குறிப்பில் அவரே எழுதி வைத்திருக்கிறார். நல்ல பையன் கனவில்கூட முதலில் கையைத்தான் ஓங்கினான் என்பதை அவர் மறைக்கவில்லை.

அந்த வயதிலேயே சந்தைக்கு வரும் கழைக்கூத்தாடிகளைப் பார்த்துப் பார்த்து வித்தைகள் கற்றுக்கொண்டான். இரண்டு மரங்களுக்கு நடுவே கயிறு கட்டி நடப்பான், குட்டிக்கரணம் போடுவான், ஊரே கூடி வேடிக்கை பார்க்கும். டிக்கெட் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். முதலில் எல்லோரும் சேர்ந்து ஜெபமாலை சொல்ல வேண்டும், கோயிலில் கேட்ட பிரசங்கத்தை இவன் திருப்பிச் சொல்வதைக் கேட்க வேண்டும். அப்புறம்தான் ஷோ!

வீட்டில் நிலைமை வேறு. அப்பாவின் முதல் மனைவிக்குப் பிறந்த அண்ணன் அந்தோணியோவுக்குப் புத்தகம் என்றாலே ஆகாது. வயல் வேலை இருக்கும்போது படிப்பு எதற்கு என்று தினமும் சண்டை. வேறு வழியில்லாமல், 12 வயதுப் பையனை வேறொரு பண்ணைக்கு வேலைக்கு அனுப்பினார் அம்மா. படிப்பு தள்ளிக்கொண்டே போனது. 1831-ல் கியேரி நகரப் பள்ளியில் சேர்ந்தபோது வயது 16. தன்னைவிடச் சின்னப் பசங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார். தங்க இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் காபிக் கடையில் வேலை, தையல் வேலை, கொல்லன் பட்டறை வேலை எனக் கிடைத்ததை எல்லாம் செய்தார். அங்கேயே நண்பர்களைச் சேர்த்து ஒரு மகிழ்ச்சிச் சங்கமும் ஆரம்பித்தார். விதி சிம்பிள்: கெட்ட பேச்சு கூடாது, கடமையைச் செய்யணும், சந்தோஷமா இருக்கணும்.

பூசை அறையில் விழுந்த அடி

1841 ஜூன் 5-ல் டூரின் நகரில் குருவானார். அப்போது டூரின் வேகமாக வளர்ந்துகொண்டிருந்த ஊர். கிராமங்களிலிருந்து வேலை தேடி வந்த சிறுவர்கள் கட்டடங்களில் சித்தாளாகச் செங்கல் சுமந்தார்கள், புகைபோக்கி துடைத்தார்கள். வேலை இல்லாத நாளில் தெருவில் திரிந்தார்கள். திருடி மாட்டினால் ஜெயில். வழிகாட்டியான யோசேப் கஃபாஸோ ஃபாதரோடு சிறைகளுக்குப் போன இளம் பாஸ்கோ ஆடிப்போனார். 12 வயதிலிருந்து 18 வயதுக்குள் இருக்கும் பசங்க, வெளியே போவதும் திரும்ப உள்ளே வருவதுமாக இருந்தார்கள். வெளியே அவர்களுக்கென்று ஒரு ஆள்கூட இல்லை. அதுதான் சிக்கல் என்று அவருக்குப் புரிந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 8. புனித பிரான்சிஸ் அசிசியார் ஆலயத்தில் பூசைக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். குளிருக்கு உள்ளே ஒதுங்கிய ஒரு பையனைப் பூசைக்கு உதவி செய்யச் சொன்னார் கோயில்பிள்ளை. அவனுக்குத் தெரியவில்லை. உடனே கம்பால் அடித்து விரட்டிவிட்டார். டான் பாஸ்கோ விடவில்லை. அவன் என் நண்பன், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். பர்த்தலோமியோ கரெல்லி என்ற அந்தப் பையன் அப்பா அம்மா இல்லாத கொத்தனார் வேலைக்காரன். படிக்கத் தெரியாது. தன்னைவிடச் சின்னப் பசங்க முன்னால் தெரியாமல் நிற்க வெட்கப்பட்டே மறைக்கல்வி வகுப்புக்கு வராமல் இருந்தான். தனியாகச் சொல்லித் தந்தால் வருவாயா என்று கேட்டார் ஃபாதர். வந்தான். அடுத்த வாரம் நண்பர்களையும் கூட்டி வந்தான். சலேசியர்கள் தங்கள் பணியின் பிறந்தநாளாக இன்றும் நினைப்பது இந்தச் சந்திப்பைத்தான்.

இடமும் இல்லை, பணமும் இல்லை

ஞாயிறுதோறும் வந்த பசங்க கூட்டம் நூற்றுக்கணக்கில் ஏறியது. ஜெபம், பாட்டு, பாடம், விளையாட்டு எல்லாம் கலந்த அந்தக் கூடுகைக்கு ஆரட்டரி என்று பெயர். சத்தம் தாங்காமல் ஒவ்வொரு இடத்திலிருந்தும் துரத்தினார்கள். இவருக்கு மூளை பிசகிவிட்டது என்றே சக குருக்கள் சிலர் நினைத்தார்கள். மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப்போக இரண்டு பேர் வண்டியோடு வந்தார்கள். அவர்களை மரியாதையாக முதலில் ஏறச் சொன்னார் பாஸ்கோ. ஏறியதும் கதவைச் சாத்தி, வண்டியை ஓட்டச் சொல்லிவிட்டார். செம பல்பு!

1846 ஈஸ்டர் அன்று வால்டோக்கோ பகுதியில் ஒரு கொட்டகை வாடகைக்குக் கிடைத்தது. சில மாதங்களிலேயே உழைப்பின் களைப்பில் சாவின் விளிம்புக்குப் போனார். கட்டட வேலை செய்யும் பசங்க உபவாசம் இருந்து, மாறி மாறி ஆலயத்தில் ஜெபித்தார்கள். பிழைத்து எழுந்தவர், இனி என் மூச்சு உங்களுக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டார். 58 வயது அம்மாவையும் கையோடு கூட்டி வந்தார். கல்யாண நகையை விற்று, அநாதைப் பிள்ளைகளுக்குச் சமைத்துப்போட்டார் மார்கரீட்டா. பசங்க காய்கறித் தோட்டத்தை மிதித்துத் துவைத்த ஒருநாள் அவருக்கே வெறுத்துப்போனது. ஊருக்கே போகிறேன் என்று கிளம்பினார். மகன் எதுவும் பேசவில்லை. சுவரில் இருந்த சிலுவையைக் காட்டினார். அம்மா திரும்ப அடுப்படிக்குப் போனார். 1856-ல் இறக்கும் வரை அங்கேயேதான் இருந்தார்.

பக்தி என்றால் என்ன?

பசங்களை ஜெபம் பண்ண வைத்ததோடு அவர் நிறுத்தவில்லை. வேலைக்கு அனுப்பும்போது முதலாளியோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டார். 1852-ல் ஒரு தச்சரோடு போட்ட ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. தொழிலைத் தவிர வேறு எடுபிடி வேலை வாங்கக் கூடாது, கை நீட்டக் கூடாது, ஞாயிறும் திருவிழாவும் லீவு. பிறகு வால்டோக்கோவிலேயே செருப்புத் தைக்க, துணி தைக்க, புத்தகம் பைண்டிங் பண்ண, அச்சடிக்கப் பட்டறைகள் வந்தன. பக்கத்திலேயே பள்ளி வகுப்புகளும் வளர்ந்தன. 1854-ல் டூரினில் காலரா பரவியபோது, அவருடைய பசங்க 44 பேர் நோயாளிகளைத் தூக்கிச் சுமக்க முன்வந்தார்கள்.

அந்த ஆண்டுதான் டொமினிக் சாவியோ என்ற 12 வயது மாணவன் வந்து சேர்ந்தான். புனிதனாகியே தீர வேண்டும் என்று அவனுக்கு ஒரே வெறி. படுக்கையில் கல்லைப் போட்டுக்கொண்டு படுப்பான், கடுங்குளிரில் மெல்லிய போர்வையோடு நடுங்குவான். கண்டுபிடித்த டான் பாஸ்கோ, அத்தனைக்கும் தடை போட்டார். சந்தோஷமா இரு, உன் படிப்பை ஒழுங்காப் படி, கூட இருக்கிறவனுக்கு உதவு, இதுவே போதும் என்பதுதான் அவர் கொடுத்த தவம். சாவியோ 1857-ல், 15 வயதுகூட நிரம்பாமல் நோயில் இறந்தான். 1954-ல் திருச்சபை அவனைப் புனிதனாக அறிவித்தது.

1859-ல் பாஸ்கோ, தன்னிடம் வளர்ந்த இளைஞர்களை வைத்தே சலேசிய சபையைத் தொடங்கினார். 1872-ல் மரியா மஸ்ஸரெல்லோவோடு சேர்ந்து பெண் பிள்ளைகளுக்காகவும் ஒரு கன்னியர் சபை.

1877-ல் தன் கல்விமுறையைச் சில பக்கங்களில் எழுதினார். அறிவு, சமயம், அன்பு என்ற மூன்று தூண்கள். எந்தக் காரணம் கொண்டும் அடிக்காதே, வலிக்க வலிக்க முட்டி போட வைக்காதே, காதைத் திருகாதே என்கிறார். நம்மில் பல பேர் இந்த மூன்றையும் பள்ளியில் பார்த்திருப்போம். அவர் சொன்ன காரணம் முக்கியம்: அடி பையனை வெறுப்பேற்றும், அடிக்கிற ஆசிரியரையும் கீழே இறக்கும். பாவசங்கீர்த்தனமும் நற்கருணையும் தன் பள்ளியின் அஸ்திவாரம் என்று நம்பியவர், அதற்கும் யாரையும் கட்டாயப்படுத்தாதே, ஆசை வரவை என்றார்.

இதே முறையில் பசங்க எப்போதும் ஆசிரியர் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இன்றைக்குப் படித்தால் சிசிடிவி மாதிரி தோணலாம். ஆனால் கேமரா நம்மோடு பந்து விளையாடாது. அவர் கேட்ட ஆசிரியர் மைதானத்தில் கூட ஓடுகிற ஆள். அந்த ஆள் ஓடுவதை நிறுத்திவிட்டால் மிஞ்சுவது வெறும் கண்காணிப்புதான். அவர் பயந்ததும் நடந்ததும் அதுதான்.

ரோமிலிருந்து வந்த கடிதம்

1884 மே மாதம். 68 வயது, தேய்ந்துபோன உடம்பு. ரோமில் இருந்தபடி வால்டோக்கோவுக்கு ஒரு நீண்ட கடிதம் அனுப்பினார். அதிலும் ஒரு கனவுதான். முதலில் பழைய மைதானம் தெரிகிறது. ஓட்டம், பாட்டு, சிரிப்பு, நடுவில் ஆசிரியர்கள். அடுத்து இன்றைய மைதானம். பசங்க தூணில் சாய்ந்து சலிப்போடு நிற்கிறார்கள், சிலர் தனியாக ஒதுங்கிக் குசுகுசுக்கிறார்கள். ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு நடக்கிறார்கள், அல்லது தூரத்தில் நின்று அதட்டுகிறார்கள்.

ஜெபம் குறையவில்லை, விதிகள் குறையவில்லை, ஆசிரியர்கள் உழைக்காமலும் இல்லை. பின்னே என்ன போச்சு? பசங்களை நேசித்தால் மட்டும் பத்தாது, தாங்கள் நேசிக்கப்படுவது அவர்களுக்கே தெரிய வேண்டும் என்கிறது கடிதம். அவர்களுக்குப் பிடித்த விளையாட்டை நீ நேசித்தால்தான், உனக்குப் பிடித்த படிப்பையும் ஜெபத்தையும் அவர்கள் நேசிப்பார்கள். நெருக்கம் போனால் நம்பிக்கை போகும். நம்பிக்கை போனால் பையன் மனசைத் திறக்க மாட்டான். அப்புறம் எவ்வளவு உபதேசம் செய்தாலும் வெளியேதான் நிற்கும். உலகமே புகழ்ந்துகொண்டிருந்த நேரத்தில், தன் பள்ளியின் தோல்வியைத் தானே ஒப்புக்கொண்டு கடிதம் அனுப்பியிருக்கிறார் மனுஷன்.

1888 ஜனவரி 31 அதிகாலை, 72 வயதில் இறந்தார். 1934 ஈஸ்டர் அன்று புனிதரானார்.

பல வருஷம் முன்பு, அவர் பசங்களுக்கு மெடல் கொடுத்துக்கொண்டிருந்தபோது, மிக்கேல் ரூவா என்ற சின்னப் பையன் முறை வரும்போது தீர்ந்துவிட்டது. டான் பாஸ்கோ தன் கையைப் பாதியாக வெட்டித் தருவது போல சைகை காட்டினார். எல்லாவற்றிலும் உனக்குப் பாதி என்று அதற்கு அர்த்தம். அந்தப் பையன்தான் அவருக்குப் பின் சபையின் தலைவரானார். 1906-ல் அவர் அனுப்பிய சலேசியர்கள் நம்ம தஞ்சாவூரில் வந்து இறங்கினார்கள். இந்தியாவில் அவர்கள் பணியைத் தொடங்கிய முதல் ஊர் அதுதான்.

இன்று 130-க்கும் மேற்பட்ட நாடுகளில் சலேசியர்கள் இருக்கிறார்கள். பெரிய கட்டடங்கள், பெரிய பெயர். ஆனால் டான் பாஸ்கோ வைத்த பரீட்சையில் கட்டடத்துக்கு மார்க் கிடையாது. இடைவேளை மணி அடித்ததும் ஆசிரியர் எங்கே நிற்கிறார் என்பது மட்டும்தான் அதில் கேள்வி!