ஐடா ஸ்கடர்: தாமதத்தோடு மல்லுக்கட்டிய டாக்டர்

காட்பாடி ஜங்ஷனில் வட இந்திய ரயில் வந்து நின்றால், பெரிய எக்ஸ்ரே கவரோடு இறங்குபவர்களைப் பார்க்கலாம். வங்காளம், ஜார்க்கண்ட் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். ஆட்டோக்காரரிடம் ஒரே வார்த்தைதான்: சிஎம்சி. அதைத் தொடங்கியவர், பக்கத்து ராணிப்பேட்டையில் 1870 டிசம்பர் 9-ல் பிறந்த ஐடா ஸ்கடர்.

தாத்தா, அப்பா இருவருமே மிஷனரி டாக்டர்கள். ஐடாவுக்கோ அமெரிக்காவில் செட்டில் ஆகணும் என்று ஆசை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர், பிரசவ வலியில் துடிக்கும் மனைவிக்காக அவரைத் தேடி வந்தார்கள். அவருக்கு வைத்தியம் தெரியாது. தெரிந்த அப்பாவோ ஆண். உள்ளே விட மாட்டோம் என்றுவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன்பிறகு ஐடா அமெரிக்கா போனது மருத்துவம் படிக்கத்தான்.

1899-ல் கார்னெலில் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூரில் இருந்தார். சில மாதங்களிலேயே அப்பா புற்றுநோயில் இறந்தார். வீட்டில் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த சிகிச்சை, 1902-ல் 40 படுக்கை மருத்துவமனையானது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது.

ஆனால் கட்டடங்களைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் நோய் முற்றிவிடுகிறதே என்று, ஐடாவே மருந்துப் பெட்டியோடு குடியாத்தம் சாலையில் கிளம்பினார். 1909-ல் ஒரு பியூஜோ கார் கிடைத்தது. மரத்தடிதான் ஓபி.

நுரையீரல் புற்றுநோயில் இன்றும் அதே சிக்கல்தான். ஆரம்பத்தில் வலி இருக்காது, பலருக்கு இருமல்கூட இருக்காது. ஐடாவின் அண்ணன் மகள், அவர் பெயரும் ஐடாதான், சிஎம்சியில் கதிரியல் மருத்துவராக இருந்தார். அந்தக் காலத்தில் நெஞ்சுக்கு எக்ஸ்ரேதான் கண். அதில் சின்னக் கட்டி, விலா எலும்புக்கும் இதயத்துக்கும் பின்னால் எளிதாக ஒளிந்துகொள்ளும்.

இப்போது இருப்பது குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன். நெஞ்சை மெல்லிய துண்டுகளாகக் காட்டும். சில நொடிகளில் முடியும். அமெரிக்காவில் 53,000-க்கும் மேற்பட்ட கடும் புகைப்பழக்கக்காரர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011-ல் வந்தது. எக்ஸ்ரே எடுத்த குழுவைவிட, சிடி எடுத்த குழுவில் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20% குறைவு. ரத்தத்தில் மிதக்கும் கட்டியின் டிஎன்ஏ துணுக்குகளைத் தேடும் சோதனையும் வளர்ந்துவருகிறது. ஆனா கட்டி சின்னதாக இருக்கும்போது துணுக்குகளும் கொஞ்சம்தான், அதனால் தவறவிடும்.

அதற்காக எல்லோரும் சிடி சென்டருக்கு ஓட வேண்டியதில்லை. நம் ஊரில் பழைய டிபி தழும்புகூட சிடியில் கட்டி மாதிரி தெரியும். வீண் பயம், வீண் ஊசி. தலைகீழாகவும் நடக்கிறது: புற்றுநோயை டிபி என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பது. சளியில் கிருமி உறுதியாகவில்லை, மருந்துக்கும் குணமில்லை என்றால், அடுத்து சிடி, தேவைப்பட்டால் பயாப்சி பற்றி டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

ஐடா 1960 மே மாதம், 89 வயதில், கொடைக்கானலில் காலமானார். அதற்குள் சிஎம்சியில் நெஞ்சறுவை சிகிச்சைக்கென்று தனித் துறையே வந்திருந்தது.