நங்கா பர்பத்தைத் தனியாக வென்றவர்

1953ஆம் ஆண்டு மே 29ஆம் தேதி டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியை அடைந்தது நாம் பள்ளியிலேயே படித்த செய்தி. அதற்கு ஐந்து வாரம் கழித்து, பிராணவாயுக் கலனும் துணைக்கு ஆளும் இல்லாமல் ஒருவர் 8,126 மீட்டர் உயரமுள்ள நங்கா பர்பத்தின் உச்சியை முதன்முதலாக மிதித்தார். அவர்தான் ஆஸ்திரியாவின் ஹெர்மன் புஹ்ல்.

1924இல் இன்ஸ்புரூக் நகரில் பிறந்த ஹெர்மன் சிறு வயதிலேயே தாயை இழந்து, சில ஆண்டுகள் அனாதை இல்லத்தில் வளர்ந்தார். உடல் மெலிந்த பிள்ளை. ஊரைச் சுற்றியிருந்த மலைகளே அவரைத் தேற்றின. இரண்டாம் உலகப் போரில் மலைப்படை வீரராக இருந்து, போருக்குப் பின் மலை வழிகாட்டியானார். 1952இல் பீட்ஸ் படிலே மலையின் வடகிழக்குச் சுவரை நான்கரை மணி நேரத்தில் தனியாக ஏறினார். 1937இல் அதில் முதலில் ஏறியவர்களுக்கு மூன்று நாள் பிடித்தது. ஏறிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பியபோது, களைப்பில் தூங்கிப்போய் இன் ஆற்றில் விழுந்தாராம்!

நங்கா பர்பத் அதுவரை 31 உயிர்களைப் பறித்திருந்தது. 1937இல் ஒரே பனிச்சரிவில் 16 பேர் புதைந்தனர். 1953 குழுவின் தலைவர்கள் எல்லாரையும் கீழே இறங்கச் சொன்னார்கள். மேல் முகாமிலிருந்த ஹெர்மனும் நண்பர்களும் மறுத்துவிட்டனர்.

ஜூலை 3, அதிகாலை 2.30 மணிக்கு ஏறத்தாழ 6,900 மீட்டரிலிருந்த கடைசி முகாமை விட்டு ஹெர்மன் புறப்பட்டார். பின்னால் வந்த தோழர் பாதியிலேயே நின்றுவிட்டார். சுமை தாங்காமல் ஹெர்மன் தன் பையையும் வழியிலேயே விட்டுச் சென்றார்.

காற்றில் பிராணவாயு எந்த உயரத்திலும் சுமார் 21 விழுக்காடுதான். ஆனால் 8,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறையும். கால் நகராது, மூளை குழம்பும். அந்த நிலையில் ஹெர்மன் விழுங்கியது பெர்விட்டின் என்ற ஊக்க மாத்திரை. போரில் ஜெர்மானியப் படையினருக்குக் கொடுக்கப்பட்ட மருந்து அது. பிராணவாயு இல்லாமல் ஏறினார் என்று புகழும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை என்பது என் கருத்து.

மாலை 7 மணிக்கு உச்சி. பாகிஸ்தான் கொடி கட்டிய பனிக்கோடரியைச் சாட்சியாக நட்டுவிட்டு இறங்கினார். வழியில் ஒரு காலின் முள்ளிரும்பு கழன்று போனது. இருட்டியதும் சுமார் 8,000 மீட்டர் உயரத்தில், உட்காரக்கூட இடமில்லாத பாறை விளிம்பில், கூடாரமும் உறைபையும் இன்றி இரவு முழுவதும் நின்றார். மறுநாள் யாரோ தன் பின்னால் நடந்து வருவதாகவே அவருக்குத் தோன்றியது. 41 மணி நேரத்துக்குப் பிறகு முகாமை அடைந்தார். அப்போது எடுத்த படத்தில் அந்த 28 வயது இளைஞரின் முகம் கிழவர் முகம்போல் சுருங்கியிருக்கிறது. பனிக்கடியால் கால் விரல்களையும் இழந்தார். அவர் நட்ட கோடரியை 1999இல் ஜப்பானியக் குழுவினர் கண்டெடுத்தனர்.

1957 ஜூன் 9இல் மூன்று தோழர்களுடன் பிராட் பீக் சிகரத்திலும் பிராணவாயுக் கலன் இல்லாமல் முதன்முதலாக ஏறினார். 18 நாள் கழித்துச் சோகோலிசா மலையில் புயல் சூழ, உச்சியை எட்டாமலே அவரும் கர்ட் டீம்பெர்கரும் திரும்பினர். இருவரையும் இணைக்கக் கயிறு இல்லை. முன்னே சென்ற கர்ட் திரும்பிப் பார்த்தபோது ஹெர்மனைக் காணவில்லை. அவருடைய காலடித் தடம் வழியை விட்டு விலகி, உடைந்த பனி விளிம்பில் முடிந்திருந்தது. உடல் கிடைக்கவே இல்லை. வயது 32. வீட்டில் மனைவியும் மூன்று பெண் குழந்தைகளும் இருந்தனர்.

அவர் துணிச்சலைப் பாராட்டும் எனக்கு, அந்தக் குழந்தைகளை நினைத்தால் மனம் கனக்கிறது. தலைவரின் கட்டளையை மீறியதுதான் அவருக்கு உச்சியைத் தந்தது. எந்த எல்லையில் நிற்பது என்ற கேள்வியை அதே மனிதரின் முடிவு நம்முன் வைக்கிறது. சாதனையை மட்டும் படித்துவிட்டு, அந்தக் கேள்வியை நாம் தாண்டிப் போகக்கூடாது.