அழகைப் பார்த்தார்கள், அறிவைக் கேட்டார்களில்லை!

பௌர்ணமி இரவு. ரமணாசிரமத்துக்கு எதிரே, செங்கம் சாலையோரத் தேநீர்க் கடையிலே நின்றிருந்தோம். மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கப் புறப்பட்ட கூட்டம் அலை அலையாகப் போய்க்கொண்டிருந்தது. நெற்றியிலே நீறு, சட்டைப் பையிலே செல்பேசி, காதிலே கம்பியில்லாத சின்னஞ்சிறு கருவி! ஆயிரம் பேர் நெருக்கியடித்து நடக்கிறார்கள். ஆனாலும் ஒருவர் பாட்டு இன்னொருவர் காதிலே போய் விழுவதில்லை. எப்படி?

ஆண்டவன் அருள் அல்ல, அறிவின் ஆற்றல். புளூடூத் எனும் அந்த முறையிலே வானொலி அலை ஓரிடத்தில் நிற்பதில்லை. 79 அலைவரிசைகளுக்கிடையே நொடிக்கு 1,600 முறை தாவுகிறது. தாவும் ஒழுங்கு தெரிந்த கருவிக்கு மட்டுமே பாட்டு கேட்கும். இத்தகைய தாவலை 1942-லேயே காப்புரிமையாகப் பதிந்தவர் யார் தெரியுமா? ஒரு சினிமா நட்சத்திரம்! ஹெடி லமார் அம்மையார்!

1914-ஆம் ஆண்டு நவம்பர் 9-இல் வியன்னா நகரிலே யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இளவயதிலேயே நடிகையானார். 1933-இல் ஃபிரிட்ஸ் மாண்டல் எனும் ஆயுத முதலாளிக்கு மனைவியானார். மாளிகை இருந்தது, உரிமை இல்லை. நடிக்கக் கூடாது, விருந்திலே அலங்காரப் பொம்மையாய் அமர வேண்டும்! அந்த விருந்துகளிலே ஆயுத வியாபாரிகள் பேசிய பேச்சு பொம்மையின் காதிலும் விழுந்தது. 1937-இல் அந்தப் பொற்கூண்டை விட்டு வெளியேறினார். அமெரிக்கப் படவுலகம் அள்ளிக்கொண்டது. உலகப் பேரழகி என்று விளம்பரம் செய்தது. பகலெல்லாம் படப்பிடிப்பு, ஓய்வு நேரத்திலே வீட்டு மேசையில் வரைபடம், ஆராய்ச்சி!

1940 செப்டம்பரில், சிட்டி ஆஃப் பெனாரஸ் எனும் ஆங்கிலேயக் கப்பலை இட்லரின் நீர்மூழ்கி மூழ்கடித்தது. போருக்குத் தப்பி அனுப்பப்பட்ட குழந்தைகளில் 77 பேர் மாண்டனர். அக்கப்பலில் கூலிக்கு உழைத்த நம் இந்திய மாலுமிகள் பலரும் மடிந்தனர். அந்த நாட்களிலேதான் அம்மையார் சிந்தித்தார்: நாஜிகளை நோக்கி ஏவும் டார்பிடோவை வானொலி அலையால் செலுத்தினால், பகைவன் அதே அலையைக் கண்டு குழப்பிவிடுவான். அலை தாவிக்கொண்டே இருந்தால்?

ஜார்ஜ் ஆன்தெய்ல் எனும் இசையமைப்பாளர் துணை நின்றார். தானே வாசிக்கும் பியானோவிலே துளையிட்ட காகிதச் சுருள் ஓடும். அதே போன்ற சுருள் ஒன்று கப்பலிலே, ஒன்று டார்பிடோவிலே! இரண்டும் ஒன்றாக ஓட, இரண்டும் ஒன்றாகத் தாவும். அலைவரிசைகள் 88, பியானோவின் கட்டைகளும் 88! 1942 ஆகஸ்ட் 11-இல் காப்புரிமை கிடைத்தது.

கடற்படையோ ஏற்கவில்லை. மேடையேறிப் போர்க் கடன்பத்திரம் விற்பதே நடிகைக்கு ஏற்ற தொண்டு என்றார்கள். விற்றார், கோடிக்கணக்கில்! முகத்தைக் காட்டச் சொன்னவர்கள் மூளையைக் கேட்கவில்லை. 1959-இல் காப்புரிமைக் காலமும் முடிந்தது. ஒரு காசும் கைக்கு வரவில்லை. 1997-இல்தான் முன்னோடி விருது வந்தது. அப்போது வயது 82. 2000 ஜனவரி 19-இல் மறைந்தார். கண்டுபிடிப்பாளர் வரிசையிலே அமெரிக்கா அவர் பெயரைச் சேர்த்தது 2014-இல்!

புளூடூத்தை அவரே செய்தார் என்று நாம் மிகைப்படுத்தவில்லை. அலை தாவும் எண்ணம் வேறு பொறியாளர்களுக்கும் தோன்றியதுண்டு. ஆனால் அவர் சிந்தித்தது உண்மை, பதிந்தது உண்மை, ஒதுக்கப்பட்டதும் உண்மை.

தோழர்களே! அமெரிக்காவைக் குறை கூறிவிட்டுக் கலைந்துவிடலாமா? பட்டறையிலே இயந்திரத்தின் கோளாறு, அதை நாள்தோறும் ஓட்டும் தொழிலாளிக்குத் தெரியும். அவனை அதிகாரி கேட்பதில்லை. நமக்குக் கோபம் வருகிறது, வரவேண்டும். ஆனால் நமது மாநாட்டிலே பெண்களை எங்கே நிறுத்துகிறோம்? வாசலிலே, சந்தனத் தட்டோடு! தீர்மானம் எழுதும் அறையிலே எத்தனை நாற்காலி அவர்களுக்கு? வீட்டிலே, சம்பளக் கணக்கை நீட்டி மனைவியின் யோசனையைக் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

அடுத்த கிளைக் கூட்டத்திலே பெண் தோழர் ஒருவர் எழுந்தால், வாழ்த்துப்பா பாடச் சொல்லாதீர்கள். என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள்!