பெயரும் பொருளும்: பேராதனையில் மார்ஷல் வார்ட்

பேராதனைப் பூங்காவில் உலாவுவோர் மரங்களின் பெயர்ப்பலகைகளைப் படித்து மகிழ்வர். பெயரிடுதல் அறிவின் தொடக்கமேயன்றி முடிவன்று என்பதை, அங்குப் பணிபுரிந்த ஓர் இளைஞரின் வாழ்வு காட்டும். அவரே ஹரி மார்ஷல் வார்ட்.

1854இல் இங்கிலாந்தின் ஹெரிபோர்ட் நகரிற் பிறந்து, கேம்பிரிட்ஜிற் கற்ற வார்ட், 1880இல் பூவாத் தாவர ஆய்வாளராக இலங்கைக்கு வந்தார். அப்பொழுது கண்டி மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்கள் இலைத்துரு நோயால் நலிந்துகொண்டிருந்தன. நோய்செய்யும் பங்கசுக்குப் பெயர் இல்லாமலில்லை. பேராதனைப் பூங்காவின் தலைவர் துவெயிற்ஸ் அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்த பார்க்கிலியும் புரூமும், 1869இலேயே அதனை ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என அழைத்திருந்தனர். வித்தியின் ஒருபுறம் வழுவழுப்பாயிருத்தலை முதற்சொல்லும், அதன் நாசத்தொழிலை மறுசொல்லும் உணர்த்தின. ஆயினும், பெயர் தெரிந்ததனால் நோய் நின்றுவிடவில்லை.

வார்ட் வித்திகளின் வழியைத் தேடினார். கண்ணாடித் தகடுகளை வெளியில் வைத்துக் காற்றில் வரும் வித்திகளைப் பிடித்தார். இலையின் ஈரத்தில் அவை முளைத்து, இலைவாய் வழியே உட்புகுவதைக் கண்டார். மலைதோறும் இடைவெளியின்றிக் கோப்பி ஒன்றையே நட்டமை, நோய்க்கு நாமே திறந்துவிட்ட வாயில் என்பதும் புலனாயிற்று. மருந்தை எதிர்நோக்கியிருந்தோர்க்கு அவரால் அளிக்க முடிந்தது காரணம் ஒன்றே. கோப்பி அழிந்தது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் பயிரிட்ட தேயிலை மலைகளை மூடியது. கோப்பியை நம்பிக் கடல்கடந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் வாழ்வும் தேயிலையோடு பிணைந்தது.

நாடு திரும்பிய வார்ட், நன்மைசெய்யும் நுண்ணங்கிகளையும் ஆராய்ந்தார். இஞ்சிப் பானத்தைப் புளிக்கச்செய்யும் பசைமணிகளில் ஒரு மதுவமும் ஒரு பற்றீரியாவும் கூடிவாழ்வதை 1892இல் நிறுவினார். இரண்டையும் தனித்தனியே வளர்த்து, மீண்டும் சேர்த்து, அம்மணிகளை உருவாக்கியும் காட்டினார். 1895இல் கேம்பிரிட்ஜில் தாவரவியற் பேராசிரியரான அவர், 1906இல் மறைந்தார்.

அவர் அப்பற்றீரியாவுக்கு இட்ட பெயர் இன்று வழக்கில் இல்லை. அத்தகைய மணிகளில் லாக்டோபாசில்லஸ் வகையினவற்றைப் பின்வந்தோர் கண்டனர். அச்சாதியும், மரபணுத்தொகுதிகளை முழுமையாக வாசித்து ஒப்பிட்டதன் பயனாக, 2020இல் 25 சாதிகளாகப் பிரிக்கப்பட்டது. கருவிகள் வளருந்தோறும் பெயர்கள் மாறும். உயிர் எவ்வாறு வாழ்கிறது, எதனோடு கூடுகிறது என்று வார்ட் கேட்ட வினாவோ மாறவில்லை. பெயர்ப்பலகையோடு நின்றுவிடாத மாணவர்க்குப் பேராதனை இன்றும் அவ்வினாவையே கற்பிக்கிறது.