வ. உ. சிதம்பரம்பிள்ளை

வ. உ. சிதம்பரம்பிள்ளை (செப்டம்பர் 5, 1872 - நவம்பர் 18, 1936) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும் வழக்கறிஞரும் தமிழறிஞரும் ஆவார். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த இவர், முத்துக்குளித்துறை நகரான தூத்துக்குடியில் 1906 ஆம் ஆண்டு சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்துக் கொழும்புக்குக் கப்பல் விட்டார்.

சிறையும் மனமும்

ஜூலை 7, 1908 அன்று இவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அதனைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் அதிர்ச்சியால் சித்தம் கலங்கினார். மேல்முறையீட்டில் தண்டனைக் காலம் குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்த சிதம்பரம்பிள்ளை, ஜேம்ஸ் ஆலனின் ஆங்கில நூலைச் சிறையிலிருந்தே "மனம்போல வாழ்வு" எனத் தமிழாக்கினார். அச்சமும் கவலையும் உடலை நலிவிக்கும், எண்ணத்தைப் பழக்கி அவற்றை வெல்லலாம் என்பது அந்நூலின் கருத்தாகும். எளிதில் கலங்கும் இயல்புடையோருக்குப் பதற்ற நோய் வரும் வாய்ப்பு மிகுதி என்றும், அவ்வியல்பில் மரபுக்கும் பங்குண்டு என்றும் இன்றைய உளவியல் கூறுகிறது.

டிசம்பர் 1912 இல் விடுதலையான இவர், வறுமையிலும் ஆலனின் வேறு நூல்களை மொழிபெயர்த்தார். தூத்துக்குடியில் காலமானார்.