ஜயன்ட் பாபா

ஜயன்ட் பாபா (ஜனவரி 23, 1938 - ஜனவரி 31, 1999) ஜப்பானைச் சேர்ந்த புகழ்பெற்ற தொழில்முறை மற்போர் வீரரும் போட்டி அமைப்பாளரும் ஆவார். இவரது இயற்பெயர் ஷோஹெய் பாபா. 209 செ.மீ. உயரம் கொண்டிருந்த இவர், 1972 ஆம் ஆண்டில் அனைத்து ஜப்பான் மற்போர் நிறுவனத்தைத் தொடங்கி, இறக்கும் வரை அதனை நடத்தினார். ஒரே ஆசிரியரிடம் பயின்ற அன்டோனியோ இனோக்கியுடன் இவருக்கு இருந்த போட்டி, ஜப்பானிய மற்போர் வரலாற்றின் ஏறத்தாழ இருபது ஆண்டுகளைத் தீர்மானித்தது. ஆயினும் இருவரும் புகழின் உச்சியில் இருந்த காலத்தில் ஒருமுறை கூட எதிரெதிரே மோதவில்லை.

பாபா என்பது ஜப்பானில் பரவலாக வழங்கும் ஒரு குடும்பப் பெயர். குதிரைத் திடல் என்னும் பொருள் தரும் எழுத்துகளால் அது எழுதப்படுகிறது. இந்தியாவில் துறவிகளைக் குறிக்கும் பாபா என்னும் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இளமை

பாபா நீகாட்டா மாகாணத்தின் சான்ஜோ நகரில் பிறந்தார். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் மிகைச் சுரப்பால் சிறுவயதிலேயே இவரது உடல் அளவுக்கு மீறி வளர்ந்தது. பேஸ்பால் ஆட்டத்தில் பந்து வீச்சாளராகத் திறன் காட்டிய இவர், உயர்நிலைப் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, 1955 இல் ஜப்பானின் முன்னணி அணியான யோமியூரி ஜயன்ட்சில் சேர்ந்தார். 1957 இல் முதல் நிலை அணிக்காக மூன்று ஆட்டங்களில் மட்டுமே பந்து வீசினார். அதே ஆண்டின் இறுதியில் பார்வை மங்கத் தொடங்கவே, பிட்யூட்டரி கட்டி கண்டறியப்பட்டு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. பார்வை தப்பியது. எனினும் முதல் நிலை அணியில் இவருக்கு மீண்டும் இடம் கிடைக்கவில்லை.

1960 இன் தொடக்கத்தில் தையோ வேல்ஸ் அணியின் பயிற்சி முகாமில் சேர்ந்தபோது, குளியலறையில் கண்ணாடிக் கதவின் மீது விழுந்து இடக்கையில் காயமுற்றார். அத்துடன் பேஸ்பால் வாழ்வு முடிந்தது. அப்போது இவருக்கு வயது 22.

ரிக்கிடோசானின் மாணவர்

கொரியாவில் பிறந்து ஜப்பானில் சுமோ வீரராக இருந்து, பின்னர் ஜப்பானியத் தொழில்முறை மற்போரின் தந்தை எனப் பெயர் பெற்ற ரிக்கிடோசான், 1960 ஏப்ரலில் பாபாவைத் தம் மாணவராக ஏற்றுக்கொண்டார். அதே மாதத்தில் பிரேசிலில் குடியேறி வாழ்ந்த 17 வயது இளைஞர் ஒருவரையும் அவர் அழைத்து வந்தார். அவரே பின்னாளில் அன்டோனியோ இனோக்கி எனப் பெயர் பெற்றவர். இருவரும் 1960 செப்டம்பர் 30 அன்று தோக்கியோவில் ஒரே நிகழ்ச்சியில் முதன்முதலாகக் களமிறங்கினர். பாபா வென்றார், இனோக்கி தோற்றார்.

தொடக்கம் முதலே இருவரும் வேறு வேறாக நடத்தப்பட்டனர். முன்னாள் பேஸ்பால் வீரர் என்பதால் பாபாவுக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டது. இனோக்கி ஆசிரியரின் வீட்டிலேயே தங்கி, அவருக்கு ஏவல் செய்து, அடியும் பட்டு வளர்ந்தார். 1961 முதல் 1963 வரை இருவரும் பதினாறு முறை மோதினர்; பதினாறிலும் பாபாவே வென்றார். இளையோர் மோதும் முற்பகுதிப் போட்டிகள் என்பதால் அன்று இவற்றை எவரும் பெரிதாகக் கருதவில்லை. பின்னாளில் இனோக்கியின் ஆதரவாளர்கள் மறக்க விரும்பிய எண்ணாகவும் பாபாவின் ஆதரவாளர்கள் மறக்க விடாத எண்ணாகவும் அது ஆனது.

1961 இல் பாபா ஐக்கிய அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். அங்கு அவரது உயரம் பெருங்கூட்டத்தைத் திரட்டியது. இரண்டாம் பயணத்தின்போது, 1964 பெப்ரவரி என்னும் ஒரே மாதத்தில், லூ தெஸ், புரூனோ சமார்ட்டினோ, பிரெட் பிளாசி ஆகிய மூன்று பெரும் வாகையாளர்களின் பட்டங்களுக்கும் அறைகூவல் விடுத்து மோதினார். மூன்றிலும் பட்டம் கிட்டவில்லை. ஆனால் அக்காலத்தில் வேறெந்த ஜப்பானியருக்கும் இத்தகைய வாய்ப்புக் கிடைத்ததில்லை. இதற்கிடையே 1963 டிசம்பரில் தோக்கியோவின் இரவு விடுதி ஒன்றில் கத்தியால் குத்தப்பட்ட ரிக்கிடோசான், ஒரு வாரத்தில் இறந்துவிட்டார்.

இரு தொலைக்காட்சிகள், இரு நாயகர்கள்

1965 நவம்பர் 24 அன்று ஓசாக்காவில் டிக் த புரூசரை வென்று, ரிக்கிடோசானின் இறப்பால் வெறுமையாக இருந்த பன்னாட்டு மிகுஎடைப் பட்டத்தைப் பாபா பெற்றார். ஆசிரியரின் இடம் மாணவருக்கு வந்துவிட்டது என்று மக்கள் இதனைப் புரிந்துகொண்டனர். 1967 ஆகஸ்டில் ஓசாக்கா திறந்தவெளி அரங்கில் ஜீன் கினிஸ்கியுடன் ஒரு மணி நேரத்துக்கும் மேல் போராடிச் சமனில் முடித்தது, இவரது சிறந்த போட்டிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. நீண்ட காலால் எதிராளியின் முகத்தில் உதைக்கும் பதினாறு மொன் உதை இவரது அடையாளமானது. மொன் என்பது பழைய ஜப்பானியக் காலணி அளவு. அந்தப் பதினாறு உண்மையில் அமெரிக்கக் காலணியின் அளவெண்ணே. பதினாறு மொன் என்றால் பாதம் 38 செ.மீ.க்கு மேல் இருந்திருக்க வேண்டும்.

1966 இல் பிரிந்து சென்று தோல்வி கண்ட இனோக்கி, 1967 இல் ஜப்பான் மற்போர் சங்கத்துக்குத் திரும்பினார். பாபாவும் அவரும் இணையராகப் பன்னாட்டு இணையர் பட்டத்தை வென்றனர். இருவர் பெயரின் முதலெழுத்துகளால் இவ்விணை பி-ஐ பீரங்கி என அழைக்கப்பட்டது. வெளியில் ஒற்றுமை தெரிந்தாலும், நிறுவனத்தில் முதல் இடம் பாபாவுக்கும் இரண்டாம் இடம் இனோக்கிக்கும் என்பது எழுதப்படாத விதியாக இருந்தது.

இவ்விதியை அசைத்தது தொலைக்காட்சியே. நிப்பான் தொலைக்காட்சி தொடக்கம் முதல் சங்கத்தின் போட்டிகளை ஒளிபரப்பி வந்தது. 1969 இல் நெட் தொலைக்காட்சியும் (பின்னாளைய ஆசாகி தொலைக்காட்சி) ஒளிபரப்பு உரிமை பெற்றது. ஆனால் பாபாவின் போட்டிகளை அது காட்டக் கூடாது என்பது நிபந்தனை. எனவே நெட் தனக்கென ஒரு நாயகரை வளர்க்க வேண்டியதாயிற்று. இனோக்கி அந்த நாயகரானார். ஒரே நிறுவனத்தின் இரு வீரர்கள் இரு தொலைக்காட்சிகளின் முகங்களாக மாறியபின் பிளவு வெகு தொலைவில் இருக்கவில்லை.

1971 டிசம்பர் 7 அன்று சப்போரோவில் ஃபங்க் உடன்பிறப்புகளிடம் பி-ஐ பீரங்கி பட்டத்தை இழந்தது. சில நாட்களில், நிறுவனத்தைக் கைப்பற்ற முயன்றார் என்னும் குற்றச்சாட்டின் பேரில் இனோக்கி நீக்கப்பட்டார். அவர் 1972 மார்ச்சில் புதிய ஜப்பான் மற்போர் நிறுவனத்தைத் தொடங்கினார். பாபாவின் போட்டிகளை நெட்டிலும் காட்ட முற்பட்டதால் சினமுற்ற நிப்பான் தொலைக்காட்சி சங்கத்தைக் கைவிட்டு, பாபா தனி நிறுவனம் தொடங்கத் துணை நின்றது. 1972 அக்டோபரில் அனைத்து ஜப்பான் மற்போர் தன் முதல் போட்டிகளை நடத்தியது. இருவரையும் இழந்த பழைய சங்கம் 1973 ஏப்ரலில் மூடப்பட்டது.

நடைபெறாத போட்டி

தொழில்முறை மற்போரில் வெற்றி தோல்வி முன்கூட்டியே முடிவு செய்யப்படுகிறது. ஆதலால் அதில் போட்டி இல்லை என எண்ணுவது தவறு. எவர் தோற்க உடன்படுவார் என்பதே அங்கு போராட்டம். இரு நிறுவனங்களின் தலைவர்கள் மோதினால் தோற்பவரின் நிறுவனமும் தோற்றதாகவே மக்கள் கொள்வர். தொலைக்காட்சி ஒப்பந்தமும் அரங்க வருவாயும் அதனுடன் சரியும். எனவே இனோக்கி பலமுறை வெளிப்படையாக அறைகூவல் விடுத்தும் பாபா களத்துக்கு வரவில்லை. அறைகூவல் விடுப்பவருக்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை, ஏற்பவருக்கே இழப்பு என்பதை அவர் அறிந்திருந்தார். அஞ்சுகிறார் என்ற பழியையும் பொறுத்துக்கொண்டார்.

பாபாவின் வலிமை வெளிநாட்டுத் தொடர்புகளில் இருந்தது. அமெரிக்கப் போட்டி அமைப்பாளர்களின் கூட்டமைப்பான தேசிய மற்போர்க் கூட்டணியில் 1973 இல் அனைத்து ஜப்பான் இணைந்தது. அதன் உலக வாகையாளர் பாபாவின் அரங்கங்களுக்கே வந்தார். 1974 டிசம்பர் 2 அன்று ககோஷிமாவில் ஜாக் பிரிஸ்கோவை வென்று, அந்த உலகப் பட்டத்தைப் பெற்ற முதல் ஜப்பானியரானார் பாபா. 1979 இலும் 1980 இலும் ஹார்லி ரேசிடமிருந்து மீண்டும் அதனைப் பெற்றார். ஒவ்வொரு முறையும் ஒரு வார அளவே பட்டம் இவரிடம் இருந்தது. இது அமைப்பாளர்களுக்கிடையிலான இணக்கத்தின் விளைவு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த இணக்கத்தைப் பெறுவதற்குரிய நம்பிக்கையை ஜப்பானில் பாபா ஒருவரே ஈட்டியிருந்தார். பேசிய ஊதியத்தைக் குறையாமல் தருபவர் என அயல்நாட்டு வீரர்களிடம் இவருக்கு நற்பெயர் இருந்தது.

அக்கதவு அடைபட்ட இனோக்கி வேறு வழியில் சென்றார். பிற தற்காப்புக் கலை வீரர்களுடன் மோதினார். 1976 ஜூன் 26 அன்று குத்துச்சண்டை வாகையாளர் முகமது அலியுடன் மோதி உலகின் பார்வையை ஈர்த்தார். பாபா அப்பாதையில் செல்லவில்லை. 1975 டிசம்பர் 11 அன்று ரிக்கிடோசான் நினைவுப் போட்டிகள் நிப்பான் புடோகான் அரங்கில் நடந்தபோது இனோக்கி வரவில்லை; அதே நாளில் தோக்கியோவின் மற்றோர் அரங்கில் பில்லி ராபின்சனுடன் மோதினார். ஆசிரியரின் நினைவு நாளும் இருவரை ஒன்றுசேர்க்க இயலவில்லை.

1979 ஆகஸ்ட் 26 அன்று மட்டும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. தோக்கியோ ஸ்போர்ட்ஸ் நாளிதழ் ஏற்பாடு செய்த நிகழ்ச்சியில் பாபாவும் இனோக்கியும் மீண்டும் இணையராகி, அப்துல்லா த புட்சர் - டைகர் ஜீத் சிங் இணையரை வென்றனர். இவர்களுள் டைகர் ஜீத் சிங் பஞ்சாபில் பிறந்து கனடாவில் குடியேறியவர். போட்டி முடிந்ததும் இனோக்கி ஒலிவாங்கியைப் பிடித்து, அடுத்த முறை இருவரும் எதிரிகளாகவே சந்திக்க வேண்டும் என்று கேட்க, பாபாவும் இசைந்தார். அரங்கம் ஆர்ப்பரித்தது. அந்தப் போட்டி நடைபெறவே இல்லை.

1981 இல் போட்டி வேறு வடிவம் எடுத்தது. புதிய ஜப்பான் அப்துல்லா த புட்சரைத் தன்பக்கம் இழுத்தது. பதிலுக்குப் பாபா டைகர் ஜீத் சிங்கையும், புதிய ஜப்பானின் முதன்மை அயல்நாட்டு வீரராக இருந்த ஸ்டான் ஹான்சனையும் கொண்டுவந்தார். 1982 பெப்ரவரி 4 அன்று ஹான்சனுடன் பாபா நேரடியாக மோதினார். 44 வயதில் மெலிந்து தளர்ந்துவிட்டார் எனப் பேசப்பட்ட காலம் அது. முடிவு கிட்டாத அப்போட்டி அவ்வாண்டின் சிறந்த போட்டியாகத் தெரிவு செய்யப்பட்டது.

ஒதுங்கிய காலம்

1985 ஜூலையில் தம் நிறுவனத்தின் பி. டபிள்யூ. எஃப். பட்டத்தை ஹான்சனிடம் இழந்தபின் பாபா முதன்மைப் போட்டிகளிலிருந்து விலகினார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பங்குபெற்ற ஜம்போ ட்சுருட்டாவும், முன்னாள் சுமோ வீரர் கெனிச்சிரோ டென்ரியூவும் அந்த இடத்தை நிரப்பினர். மூப்படைந்த பின்னும் உச்சியில் நிற்க விரும்பும் வீரர்-முதலாளிகள் மிகுந்த இத்துறையில் இது எளிய முடிவன்று. 1989 நவம்பரில் சப்போரோவில் நடந்த இணையர் போட்டியில் டென்ரியூ பாபாவை வீழ்த்தினார். 1994 ஜனவரியில் இனோக்கியையும் அவரே வீழ்த்தினார். இருவரையும் வீழ்த்திய ஒரே ஜப்பானியர் அவர். பாபாவும் இனோக்கியும் தமக்குள் தீர்த்துக்கொள்ளாத கணக்கு இவ்வாறு மூன்றாம் ஒருவரின் பெயரில் எழுதப்பட்டது.

பகையும் மெல்லத் தணிந்தது. 1989 இல் இனோக்கி நாடாளுமன்ற மேலவை உறுப்பினராகி, நிறுவனத் தலைமையை செய்ஜி சகாகுச்சியிடம் விட்டார். பழைய சங்கத்தில் உடன் இருந்த அவருடன் பாபாவுக்கு நல்லுறவு இருந்தது. 1990 பெப்ரவரியில் புதிய ஜப்பானின் தோக்கியோ டோம் நிகழ்ச்சிக்குப் பாபா தம் வீரர்களை அனுப்பினார்.

அவ்வாண்டே டென்ரியூ உள்ளிட்ட பலர் புதிய நிறுவனம் ஒன்றுக்குச் சென்றுவிட, அனைத்து ஜப்பான் நிலைகுலைந்தது. பாபா இளையவர்களை முன்னிறுத்தினார். புலி முகமூடியைக் களைந்த மிட்சுஹாரு மிசாவா, 1990 ஜூன் 8 அன்று ட்சுருட்டாவை வென்றார். களத்துக்கு வெளியே எண்ணி முடிப்பது, தகுதி நீக்கம் போன்ற அரைகுறை முடிவுகள் குறைந்து, தெளிவான வெற்றி தோல்வி வழக்கமாயிற்று. தாம் நாயகராக இருந்தபோது பாபா கடைப்பிடிக்காத முறை இது என்பதும் குறிப்பிடத்தக்கது. மிசாவா, தோஷியாக்கி கவாடா, கென்டா கொபாஷி ஆகியோரின் போட்டிகளால் புடோகான் அரங்கம் தொடர்ந்து நிரம்பியது.

1990 நவம்பரில் ஓபிகிரோவில் தொடை எலும்பு முறிந்தும், அடுத்த ஆண்டே பாபா களத்துக்குத் திரும்பினார். முற்பகுதியில் நடக்கும் நகைச்சுவைப் போட்டிகளில், முதியவர்களுடன் சேர்ந்து மெதுவாக நடந்து, அதே உதையை உயர்த்துவார். அதனைக் காணவே மக்கள் வந்தனர். இனோக்கி 1998 ஏப்ரல் 4 அன்று தோக்கியோ டோமில் பெருவிழாவுடன் ஓய்வு பெற்றார். பாபா ஓய்வு பெறவில்லை.

இறப்பும் பின்னரும்

1998 டிசம்பர் 5 அன்று புடோகானில் ஆறு பேர் மோதிய போட்டியே பாபாவின் கடைசிப் போட்டி. அன்று இவருடன் இணைந்து ஆடியவர்களுள் ஒருவர் ரிக்கிடோசானின் மகன் மிட்சுவோ மொமோட்டா. பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியதால், 1999 ஜனவரி 31 அன்று தம் 61 ஆம் வயதில் தோக்கியோவில் பாபா காலமானார். 5,700க்கும் மேற்பட்ட போட்டிகளில் இவர் களமிறங்கியிருந்தார். மே 2 அன்று தோக்கியோ டோமில் இவருக்கான ஓய்வு நிகழ்ச்சி நடத்தப்பட்டது. சமார்ட்டினோ, கினிஸ்கி, டெஸ்ட்ராயர் ஆகிய பழைய எதிராளிகள் கூடியிருக்க, களத்தின் நடுவே பாபாவின் காலணிகள் வைக்கப்பட்டன.

தலைமையேற்ற மிசாவாவுக்கும், பாபாவின் மனைவியும் நிறுவனத்தின் உரிமையாளருமான மோட்டோகோவுக்கும் விரைவில் கருத்து வேறுபாடு முற்றியது. 2000 ஜூனில் மிசாவா பெரும்பாலான வீரர்களுடன் வெளியேறி நோவா என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஜப்பானிய வீரர்களுள் கவாடா, மசனோபு ஃபுச்சி ஆகிய இருவர் மட்டுமே எஞ்சினர். ஆளின்றித் தவித்த அனைத்து ஜப்பான், பழைய எதிரியான புதிய ஜப்பானுடன் கூட்டுப் போட்டிகள் நடத்தத் தொடங்கியது. 2002 இல் மோட்டோகோ விலகியபின் அதன் தலைவரானவர் கெய்ஜி முட்டோ. இனோக்கியின் நிறுவனத்தில் பயின்று வளர்ந்தவர் அவர். இனோக்கியும் 2005 இல் புதிய ஜப்பானின் தம் பங்குகளை விற்றார். அவர் 2022 அக்டோபர் 1 அன்று காலமானார்.